புதிய மாட்டுத்தீவனங்களை ஆராயும் நிபுணர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆரப்பாளையத்திலிருந்து வைகைக் கரையோரமாகச் சமயநல்லூர், சோழவந்தான் வரையுள்ள பிரதேசத்தில், கறவை மாடுகளுக்கு வைக்கோல், சோளத்தட்டை, தவிடு, பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு ஆகியவற்றை இடுவதே தொன்றுதொட்ட வழக்கம். இவற்றின் குணதோஷங்களைக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். சமீப வருஷங்களிலோ, முன்பின் அறியாத சரக்குகள் பல தீவனமென்று விற்பனைக்கு வருகின்றன. இவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் முகர்ந்தும் மதிப்பிட இயலாது. நிபுணர் ஒருவர் ஆராய்ந்து சொல்லவேண்டும். அந்த நிபுணர் யார், அவரை நியமித்தவர் யார் என்பதைப் பொறுத்தே அவருடைய அபிப்பிராயத்தின் மதிப்பு அமையும்.

ஓர் உதாரணம்

மக்காச்சோளத்தையும் அரிசியையும் புளிக்கவைத்து, பெட்ரோலில் கலப்பதற்கான எத்தனால் இறக்கும் ஆலைகள் நம் நாட்டில் பெருகியுள்ளன. எத்தனால் இறக்கியபின் எஞ்சும் சக்கையை உலர்த்தி, டி.டி.ஜி.எஸ். என்ற பெயரால் தீவனமாக விற்கின்றனர். இதில் புரதம் மிகுதி என்பது உண்மையே. மக்காச்சோளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து உள்ளது. புளிக்கும்போது அது எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துபோக, மூன்று மூட்டைத் தானியம் ஏறக்குறைய ஒரு மூட்டைச் சக்கையாகிறது. இதனால் புரதம் மும்மடங்கு செறிவடைவது போலவே, தானியத்தில் பூஞ்சணம் விட்டுச்சென்ற விஷமும் மும்மடங்கு வரை செறிவடையக்கூடும். ஆலையின் சூட்டில் அது முற்றும் அழிவதில்லை.

ஆகவே, புரதத்தை மாத்திரம் அளப்பவர் இச்சரக்குக்கு நற்சாட்சி வழங்குவார். விஷத்தைத் தேடுபவர் அதே மூட்டையைத் தள்ளிவிடக்கூடும். இரண்டு அறிக்கைகளும் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் விற்பவர் அச்சிட்டுக் கொடுப்பது முதலாவதையே.

அசட்டையினால் நேரும் நஷ்டம்

1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேஸில் தேசத்திலிருந்து வந்த கடலைப்பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் விஷமே காரணமென்று பின்னர் தெரிந்தது. அஃப்ளடாக்ஸின் என்ற அவ்விஷம் மாட்டின் வயிற்றோடு நிற்பதில்லை. உருமாறிப் பாலிலும் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தேசமெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளுள் 88-இல் இவ்விஷம் அனுமதித்த அளவை மீறியிருந்தது. மாநிலங்களுள் இதுவே மிக அதிகம். தீவனத்தில் செய்த பிழை குழந்தையின் பாலில் முடிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நிபுணருக்கு வேண்டிய லட்சணங்கள்

1. விஷய ஞானம். நேர்மை மாத்திரம் போதாது. இங்கிலாந்தில் மாட்டுப் பித்து நோய் 1986-இல் கண்டறியப்பட்டபின், அதை ஆராய நால்வர் கமிட்டி ஒன்று அமைந்தது. அவர்கள் கனம் பொருந்திய விஞ்ஞானிகள். எனினும் அவ்வகை நோய்களில் தனி ஆராய்ச்சி செய்தவர்கள் அல்லர். மனிதருக்கு அபாயம் நேர்வது அரிது என்று 1989-இல் அவர்கள் அறிக்கை செய்தனர். 1996 மார்ச்சில் அதற்கு மாறான செய்தியை அந்த அரசாங்கமே வெளியிட நேர்ந்தது. ஆதலால் தீவனச்சத்து, விஷ இயல், கால்நடை வைத்தியம், பாற்பரிசோதனை ஆகிய ஒவ்வொன்றிலும் தேர்ந்த ஒருவர் குழுவில் இருத்தல் அவசியம்.

2. சம்பந்தமின்மை. சம்பளம், ஆராய்ச்சிப் பணம், பங்கு, உறவினர் உத்தியோகம் ஆகியவற்றை எழுத்துமூலம் முன்னதாகவே தெரிவிக்கவேண்டும். போட்டிக் கம்பெனியின் சம்பந்தமும் சம்பந்தமே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் குழுவினர் வருஷந்தோறும் இவ்வாறு எழுதிக்கொடுக்க, அது பகிரங்கப்படுத்தப்படுகிறது.

3. நியமனம். ஆராய்பவரை விற்பவர் பொறுக்கலாகாது. செலவை அவர் ஏற்கலாம். ஆனால் அப்பணம் பொது நிதி வழியாகவே நிபுணரைச் சேரவேண்டும்.

4. மாறுபட்ட கருத்து. ஒருவர் ஒப்பாவிடில் அவருடைய காரணத்தையும் அறிக்கையில் சேர்த்து வெளியிடவேண்டும்.

சட்டம் கூறுவது

2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கால்நடைத் தீவனம் ‘உணவு’ ஆகாது. ஆயினும் அச்சட்டம் வகுத்த நெறி தீவனத்துக்கும் ஏற்றதே. விஞ்ஞானக் குழுக்களில் சுயேச்சையான நிபுணர்களே அமரவேண்டும்; தொழில் துறையினரையும் நுகர்வோரையும் ஆலோசனைக்கு அழைக்கவேண்டும் என்று 13-ஆம் பிரிவு விதிக்கிறது. அதாவது, விற்பவர் சாட்சி சொல்லலாம், பஞ்சாயத்தில் உட்காரலாகாது. இவ்விதிக்கு மாறாகக் கம்பெனிகளைச் சார்ந்தோர் குழுக்களில் அமர்ந்தமையை 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு சுட்டிக்காட்ட, குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டன.

மரபணு மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் 2024 ஜூலை 23-இல் இரு நீதிபதிகளும் அநுமதி விஷயத்தில் வேறுபட்டனர். ஆனால் நிபுணர்களின் தகுதியையும் முந்திய நடவடிக்கைகளையும் நன்கு சோதிக்கவேண்டும், சொந்த லாபச் சம்பந்தம் இருப்பின் வெளிப்படுத்தவேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். மரபணு மாற்றிய பருத்தி 2002-இல் அநுமதி பெற்றது முதல் அதன் கொட்டையும் பிண்ணாக்கும் நம் மாடுகளுக்குத் தீவனமாகி வருவதால், இத்தீர்ப்பின் கருத்து தொழுவத்துக்கும் உரியதே.

கிராமத்தில் செய்யத்தக்கவை

பால் சங்கமோ பஞ்சாயத்தோ புதிய தீவனத்தை மொத்தமாக வாங்குமுன் விற்பவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டல் நலம். அறிக்கையில் கையெழுத்திட்டவர் யார்? அவருக்குப் பணம் கொடுத்தவர் யார்? மாதிரியை எடுத்தவர் யார்? எத்தனை மாடுகளுக்கு எத்தனை நாள் கொடுத்துப் பார்த்தனர்? பூஞ்சண விஷம் தேடப்பட்டதா? விடை எழுத்தில் கிடைக்காவிடில் வாங்குவதை நிறுத்திவைக்கலாம்.

மாதிரியை விற்பவர் பொறுக்கிய ஒரு மூட்டையிலிருந்து எடுக்கலாகாது. பல மூட்டைகளின் அடி, நடு, மேல் ஆகிய இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, இரு தரப்பாரின் முன்னிலையில் மூன்று பொட்டலங்களாகக் கட்டி முத்திரையிடவேண்டும். பூஞ்சணம் மூட்டை முழுதும் ஒரே சீராய்ப் பரவாமல் ஆங்காங்கே திரளாக நிற்பதே இதற்குக் காரணம். ஒரு பொட்டலத்தைப் பெயரின்றி எண் மாத்திரம் இட்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பலாம். மற்றொன்று விற்பவரிடமும், மூன்றாவது சங்கத்திலும் இருக்கவேண்டும். பின்னர் தகராறு நேர்ந்தால், சங்கத்திலுள்ள பொட்டலத்தை இரு தரப்பாரும் ஒப்பிய வேறொரு பரிசோதனைச்சாலையில் பிரித்துப் பார்க்கலாம்.