சாவாளைக்கு ஒரு விரல் கணக்கு

சோறு ஆக்கும்போது எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதை நம்மில் எத்தனை பேர் அளந்து பார்க்கிறோம்? அரிசியின் மேல் விரலை நட்டு, தண்ணீர் எந்தக் கணுவில் நிற்கிறது என்று பார்க்கிறோம். உம்மா கற்றுத் தந்த கணக்கு அது. இதே போன்றதொரு விரல் கணக்கை வைத்து, பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டு செல்வதா, கடலிலேயே விட்டு விடுவதா என்று இரவு நேரத்தில் முடிவு செய்யும் மனிதர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள்.

அந்த மீன் நமக்குப் புதியதல்ல. சந்தையில் வெள்ளி நாடா போல மடித்துப் போட்டிருக்கும் சாவாளையின் நெருங்கிய உறவுதான். ஜப்பானியர் அதனைத் 'தாச்சியுவோ' என்பர். வாள் மீன் என்பது பொருள். கடலில் தலையை மேலே வைத்துச் செங்குத்தாக நிற்பதால் 'நிற்கும் மீன்' என்ற பொருளில் அப்பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு.

ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் சுருகா விரிகுடா இருக்கிறது. ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழம் கொண்ட, அந்நாட்டின் மிக ஆழமான விரிகுடா இது. அதன் வடக்கே 3,776 மீற்றர் உயரமான பூஜி மலை நிற்கிறது. ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்கும் வேளையில், இங்குள்ள துறைமுகங்களிலிருந்து மாலை நேரத்தில் படகுகள் புறப்படும். அவற்றில் செல்வோரில் பலர் மீனவர்கள் அல்லர். பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு, படகில் ஓர் இடத்துக்குப் பணம் கட்டி வந்தவர்கள். 2018 பெப்ரவரி முதல் இத்தகைய சிறு படகுகளின் மேல்தளத்தில் நிற்கும் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிவது சட்டப்படி கட்டாயம்.

இருட்டியதும் படகின் விளக்குகள் எரியும். வெளிச்சத்தை நாடிச் சின்னஞ்சிறு உயிர்கள் வரும். அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும். அந்தச் சிறு மீன்களைத் தேடிச் சாவாளை வரும். பகலில் ஆழத்தில் கிடக்கும் அது, இரவில் மேலே ஏறி வருவதே இந்த இராப் பயணத்துக்குக் காரணம்.

மீன் எத்தனை மீற்றர் ஆழத்தில் நிற்கிறது என்பதைப் படகோட்டி கருவியில் பார்த்துச் சொல்லுவார். தங்கூசியின் நிறம் 10 மீற்றருக்கு ஒரு தடவை மாறும்; அதை எண்ணியே இரையை இறக்குவார்கள். எல்லோரும் ஒரே நிறையுள்ள ஈயக்குண்டையே கட்ட வேண்டும். இல்லையேல் ஒருவரது தங்கூசி அடுத்தவருடையதில் சிக்கி இருவருக்கும் நட்டமாகும். கும்பளா போன்ற மீனின் சதையை நீளமாக நறுக்கித் தூண்டிலில் கோர்ப்பதே இரை.

இங்கேதான் பொறுமை வேண்டும். சாவாளை இரையை ஒரேயடியாக விழுங்குவதில்லை. கத்தி போன்ற பற்களால் முதலில் நுனியைக் கடித்துப் பார்க்கும். அந்த அதிர்வு கைக்கு எட்டியதும் அவசரப்பட்டு இழுப்பவருக்கு அறுந்த இரைதான் மிச்சம். இரையை மெல்ல மேலே உயர்த்தி, நிறுத்தி, மறுபடி உயர்த்த, மீனும் பின்தொடர்ந்து வந்து நன்றாகக் கவ்வும். பிடிபட்ட பிறகும் அதன் வாயருகே விரலை வைக்கக் கூடாது. செத்த மீனின் பல்லும் கையைக் கிழிக்கும்!

இனி அந்த விரல் கணக்கு. நாடா போன்ற அதன் உடலின் குறுக்கே விரல்களைச் சேர்த்து வைத்து அளப்பார்கள். இரண்டு விரல் என்றால் குட்டி. மூன்று விரல் என்றால் சமைக்கலாம். நான்கு, ஐந்து விரல் என்றால் வீட்டில் கொண்டாட்டம். இரண்டு விரல் மீன் பெரும்பாலும் முட்டையிடும் பருவத்தை எட்டாதது. அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோர் உண்டு. கைக்கு வந்ததை விடுவது எவருக்கும் இலேசான காரியமல்ல. ஆயினும், சாவாளைக்குப் பேர்போன மேற்கு ஜப்பானின் கடற்பகுதிகளில் 1990களோடு ஒப்பிட்டால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த நிலையில் குட்டிக்கும் இரக்கம் காட்டாவிட்டால் அடுத்த வருடத்துக்கு என்ன மிஞ்சும்?

தென்கொரியாவில் இதற்குச் சட்டமே உண்டு. தலையின் முனையிலிருந்து கழிவுத்துளை வரை 18 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சாவாளையைப் பிடிக்கக் கூடாது. முழு நீளத்தை ஏன் அளப்பதில்லை? சாவாளையின் மெல்லிய வால் நுனி இலகுவில் முறிந்து போகும். அதன் இனமே அதன் வாலைக் கடிப்பதும் உண்டு!

பிடித்த மீனை உடனே பனிக்கட்டி கலந்த கடல்நீரில் இடுகிறார்கள். சாவாளைக்குச் செதில் இல்லை. கைபட்டால் உரியும் வெள்ளிப் பூச்சே அதன் போர்வை. ஒரு காலத்தில் அந்தப் பூச்சை எடுத்துச் செயற்கை முத்துக்களுக்குப் பளபளப்பு ஏற்றினார்களாம்! வீட்டிலே துண்டுகளின் இருபக்கமும் கீறி, உப்புத் தூவி நெருப்பில் சுட்டால் அவர்களுக்கு அதுவே விருந்து.

சகோதரிகளே, நமது சமையலறைக்கும் இதில் பாடம் உண்டு. சாவாளை வாங்கும்போது வெள்ளிப் பூச்சு கலையாமல் பளிச்சென்று இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். முள்ளுக்குப் பயந்து ஒதுக்க வேண்டாம். முதுகுச் செட்டையின் இருபக்கமும் கத்தியால் கீறி இழுத்தால் அந்த வரிசை முள் சேர்ந்து வந்துவிடும். பிறகு பொரித்தாலும், கொறுக்காய் போட்டு ஆணம் காய்ச்சினாலும் பிள்ளைகள் பயமின்றிச் சாப்பிடலாம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று நூல் போன்ற குட்டிச் சாவாளையை அள்ளப் போகும் நாளில், ஒரு கணம் அதன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். அது செத்த மீன்தான். நாம் வாங்காவிட்டால் உயிர் பெறப் போவதில்லை. ஆனால் நாம் கேட்டு வாங்குவதையே நாளை வலை தேடும். சோற்றுக்குத் தண்ணீர் அளக்கும் அதே விரல், கடலில் நாளைய மீன் இருக்குமா என்பதையும் அளக்கிறது.