செல்போன் பணத்துக்கும் வரிசை உண்டு

மாலை ஆறு மணி. சந்தையில் நல்ல கூட்டம். காய்கறி வாங்கியவர் செல்போனில் 60 ரூபாய் அனுப்புகிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பணம் வரலையே" என்கிறார் கடைக்காரப் பெண். வாங்கியவர் அவசரமாக மறுபடியும் அழுத்துகிறார். இது சரியா?

பணம் போகும் வழி

செல்போனை அழுத்தியதும் ரூபாய் நோட்டு எதுவும் போவதில்லை. ஒரு செய்திதான் போகிறது. "என் கணக்கிலிருந்து 60 ரூபாய் எடுத்து, இவர் கணக்கில் சேருங்கள்" என்பதே அந்தச் செய்தி. இந்த முறைக்கு யு.பி.ஐ. என்று பெயர். இது 2016ஆம் ஆண்டு தொடங்கியது. என்.பி.சி.ஐ. என்ற தேசிய நிறுவனம் இதை நடத்துகிறது. எல்லா வங்கிகளின் செய்திகளும் அதன் கணினிகள் வழியாகவே போகின்றன.

2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2000 கோடி தடவைக்கு மேல் இப்படிப் பணம் கைமாறியது. இத்தனையும் ஒரே பாதையில்! நெரிசல் வராமல் இருக்குமா?

நெரிசல் எப்படி வருகிறது?

பணம் அனுப்பும் செய்தி மட்டும் இந்தப் பாதையில் போவதில்லை. "கணக்கில் மீதி எவ்வளவு?", "பணம் சேர்ந்ததா?" என்ற கேள்விகளும் போகின்றன. பதில் வரத் தாமதமானால், கணினிகள் தாமாகவே மீண்டும் மீண்டும் கேட்கின்றன. கேள்விகள் குவிகின்றன. பாதை அடைபடுகிறது.

2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யு.பி.ஐ. தடைபட்டது. "பணம் சேர்ந்ததா?" என்ற கேள்விகள் அளவுக்கு மீறிக் குவிந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. கேள்விகளே பணத்துக்கு வழி விடாமல் மறித்துவிட்டன.

இரண்டு வழிகள்

நெரிசலைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, அளவு வைப்பது. ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பதைப் போன்றது இது. இன்றைய டோக்கன் தீர்ந்துவிட்டால், இனி நாளைக்குத்தான். அதனால் ஒருவரே எல்லாவற்றையும் வாங்கிப் போக முடியாது. பின்னால் நிற்பவருக்கும் கிடைக்கும்.

இரண்டாவது வழி, சீராக விடுவது. பெருமழை பெய்தால் ஏரி நிரம்புகிறது. அந்தத் தண்ணீர் ஒரே நேரத்தில் பாய்ந்தால் வயல் அழிந்துவிடும். அதனால் மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். தண்ணீர் வீணாவதில்லை. சற்றுத் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

என்ன விதிகள் வந்தன?

2025 ஆகஸ்ட் 1 முதல் இந்த இரண்டு வழிகளும் யு.பி.ஐ.யில் கையாளப்படுகின்றன.

ஒரு செயலியில் மீதித் தொகையை ஒரு நாளைக்கு 50 தடவைதான் பார்க்கலாம். பணம் சேர்ந்ததா என்று மூன்று தடவைதான் கேட்கலாம். இது அளவு வைப்பது.

மாதத் தவணை போன்றவை கணக்கிலிருந்து தாமாகவே எடுக்கப்படுகின்றன. காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரையும், மாலை 5 மணி முதல் இரவு 9.30 வரையும் கூட்டம் அதிகம். அந்த நேரத்தில் இவற்றை எடுப்பதில்லை. கூட்டம் குறைந்த நேரத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள். இது சீராக விடுவது.

மீதி பார்ப்பதற்கான இந்த எண்ணிக்கையில், பணம் அனுப்புவது சேராது. பணம் அனுப்பி முடிந்ததும் மீதித் தொகையை வங்கியே தெரிவிக்க வேண்டும் என்றும் விதி உள்ளது. எனவே அடிக்கடி மீதி பார்க்கத் தேவையில்லை.

வட்டம் சுற்றினால் என்ன செய்வது?

உடனே மறுபடியும் அனுப்பக் கூடாது. இரண்டு தடவையும் பணம் போய்விடலாம். சற்றுப் பொறுக்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டும். பணம் எடுக்கப்பட்டிருந்தால், அதிலுள்ள எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்.

கணக்கில் பணம் கழிந்தும் அடுத்தவருக்குச் சேரவில்லையா? பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு இதற்கு விதி செய்துள்ளது. தனி ஒருவருக்கு அனுப்பிய பணம் என்றால், மறுநாளைக்குள் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பிய பணம் என்றால், 5 நாளைக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதைக் கேட்டுப் பெறுவது உரிமை. வங்கி 30 நாளில் குறையைத் தீர்க்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பணம் திரும்பப் பெற ரகசிய எண் தேவையில்லை. அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

யோசித்துப் பாருங்கள்

1. ரேஷன் டோக்கனுக்கும் ஏரி மதகுக்கும் என்ன வேறுபாடு?
2. கடைக்கு அனுப்பிய பணம் 8 நாள் கழித்துத் திரும்பி வந்தது. எத்தனை ரூபாய் இழப்பீடு கிடைக்க வேண்டும்?