உப்புக்காற்று ஊரில் மேசைக் கணினி

மேசைக் கணினி ஒரே பெட்டியாகத் தோன்றினாலும் மின்வழங்கி, கூடு, மதர்போர்ட், செயலி, ராம், சேமிப்பகம், தேவைப்பட்டால் கிராபிக்ஸ் அட்டை என ஏழு உறுப்புகள் சேர்ந்த தொகுப்பு அது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுத்திட்டம் நிலைத்ததால்தான், ஒரு நிறுவனத்தின் கூட்டுக்குள் இன்னொன்றின் போர்டும் மூன்றாவதின் மின்வழங்கியும் பொருந்துகின்றன. வாங்குவோர் பலரும் செயலியில் தொடங்கி, மிஞ்சும் பணத்தில் மற்றவற்றை முடிப்பார்கள். குளிரூட்டிய அறையும் சீரான மின்சாரமும் உள்ள இடத்துக்கு அந்த வரிசை சரி. திருகோணமலைக்கு அது தலைகீழ்.

நகரம் ஒரு குடாநாட்டில் இருக்கிறது. மேற்கே உள்துறைமுகம், கிழக்கே திறந்த கடல். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று தரையிலிருந்து வெப்பத்தையும் புழுதியையும் கொண்டுவரும். பகல் வெப்பநிலை 35 பாகையைத் தொடும். நவம்பரில் மழையோடு வரும் வாடைக்காற்று, கடல் ஈரத்தையும் உப்புத் துகளையும் வீடுகளுக்குள் சேர்க்கும். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்தால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். அதனால் போர்டில் ஒருமுறை படிந்த கடலுப்பு முழுவதும் காய்வது அரிது. அந்த ஈரப்படலத்தில் மின்னோட்டமும் சேரும்போது செம்புத் தடங்கள் அரிக்கப்படுகின்றன.

எனவே முதலில் தெரிவு செய்யவேண்டியது மின்வழங்கி. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுவது இதுவே. மலிவான கூடுகளோடு சேர்த்து விற்கப்படும் மின்வழங்கிகளில் ஒட்டியுள்ள ‘500 வாட்’ என்ற எண்ணை நம்பாமல் இருப்பது நல்லது. 80 பிளஸ் சான்றிதழ் குறைந்தது 80 விழுக்காட்டுத் திறனைக் காட்டும். ஆனால் உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் தரத்தை அது சொல்லாது. மின்பகு மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 105 பாகைக்குத் தரப்படுத்திய மின்தேக்கிகள் கொண்ட, ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள 450 அல்லது 550 வாட் மின்வழங்கி, பெயரில்லாத 700 வாட்டைவிட எப்போதும் மேல். கிராபிக்ஸ் அட்டை இல்லாத அலுவலகக் கணினி சாதாரண வேலையில் 100 வாட்டைக்கூட எட்டுவதில்லை.

மின்துண்டிப்பு இலங்கைக்குப் பழகிய விடயம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 அன்று, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கினால் என்று அரசு சொன்ன காரணத்தோடு, நாடே இருண்டது. நீண்ட துண்டிப்பு வெறும் சலிப்புத்தான். கணினியைக் கெடுப்பது போய்ப் போய் வரும் மின்சாரமும், பருவம் மாறும் மாதங்களின் இடிமின்னலும். இதற்குக் காப்பு, மின்கலம் உள்ள யுபிஎஸ். அது மின்கலத்துக்கு மாற எடுக்கும் நேரம் சில மில்லிசெக்கன்கள். நல்ல மின்வழங்கி ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் தன் சேமிப்பிலேயே தாக்குப்பிடிக்கும். இரண்டும் தரமாயிருந்தால் திரை இமைக்காது. பரவலாக விற்கும் 650 விஏ யுபிஎஸ் உண்மையில் 360 வாட் அளவே தரும். கோப்பைச் சேமித்து கணினியை ஒழுங்காக நிறுத்த அது போதும். படம் பார்த்து முடிக்கப் போதாது. லேசர் அச்சுப்பொறியை அதில் இணைக்கவே கூடாது. உள்ளிருக்கும் ஈய அமில மின்கலமும் வெப்பத்தில் விரைவில் தளர்வதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவைக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பழைய வீடுகளில் நிலத்தொடர்பு இல்லாத இரண்டு முனை மல்டி பிளக் வழியாகக் கணினி ஓடுவதுண்டு. அப்போது கூட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும். மின்வழங்கியின் வடிகட்டியிலுள்ள சிறு மின்தேக்கிகள், நிலத்துக்குப் போகவேண்டிய கசிவைக் கூட்டில் நிறுத்துவதே காரணம். அங்கு பாதி மின்னழுத்தம், ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும். ஓட்டம் மிகச் சிறிதென்பதால் ஆளுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. யுஎஸ்பி வழியே இணைக்கும் கருவிகளுக்கு உண்டு. மூன்று முனை பிளக், சரியான எர்த் கம்பி, வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் ஆகிய மூன்றும் கணினி வாங்குமுன் சரிபார்க்கவேண்டியவை.

கூட்டில் பார்க்கவேண்டியது வண்ண விளக்கு அல்ல, கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி. உள்ளே காற்றை இழுக்கும் விசிறிகள் வெளியேற்றும் விசிறிகளைவிடச் சற்றுக் கூடுதலாய் இருந்தால், இடுக்குகள் வழியே தூசி புகாமல் வடிகட்டி வழியாகவே காற்று நுழையும். தரையிலும் கடலை நோக்கிய யன்னலருகிலும் கணினியை வைக்கலாகாது. ஓடும் கணினியைவிட மாதக்கணக்கில் நிறுத்திவைத்த கணினியே வேகமாய் அரிக்கப்படும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். ஓடும்போது உட்புறம் சூடாவதால் அங்கு ஈரப்பதம் தாழ்கிறது. விடுமுறைக்குப் பூட்டிய பாடசாலைக் கணினி அறைகளில் இது நினைவில் இருக்கவேண்டியது.

செயலித் தெரிவில் வெப்பமே முதல் கணக்கு. அறை 22 பாகையிலிருந்து 34க்கு ஏறினால் செயலியின் வெப்பமும் அதே 12 பாகை ஏறும். 65 வாட் வகைச் செயலி சாதாரண காற்றுக் குளிரூட்டியோடு இதைச் சமாளிக்கும். 125 வாட் வகை, 95 அல்லது 100 பாகை எல்லையைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த கூடுதல் விலை அத்தோடு வீண். பெயரின் கடைசி எழுத்தும் கவனத்துக்குரியது: இன்டெல் கோர் ஐ5-12400எஃப் போல ‘எஃப்’ இருந்தால் உட்பொதிந்த கிராபிக்ஸ் இல்லை, தனி அட்டை இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரைசன் 5 5600ஜி போன்ற ‘ஜி’ வகையில் அது உண்டு.

மதர்போர்டின் சாக்கெட்தான் நாளைய மேம்படுத்தலைத் தீர்மானிக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2018இல் வாங்கிய பி450 போர்டு, பயாஸைப் புதுப்பித்தால், ரைசன் 5000 வரிசையையும் ஏற்கும். அந்தப் புதுப்பித்தலின் நடுவே மின்சாரம் போனால் போர்டு செயலிழக்கலாம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 ராம் மட்டுமே. டிடிஆர்4 அதில் நுழையாது; வெட்டுக்குறியின் இடம் வேறு. 16 ஜிபி வேண்டுமானால் ஒரே துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் நல்லது. இரட்டைத் தடத்தில் தரவு ஓடும். உட்பொதிந்த கிராபிக்ஸுக்கு அது தெளிவான வேகம்.

கடலோரத்தில் அடிக்கடி வரும் பழுதும் ராமில்தான். கணினி ஓடுகிறது, திரை கறுப்பு. தொடுமுனைகளின் தங்கப்பூச்சு மிக மெல்லியது. நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கப்பட்டுத் தொடர்பு விடுகிறது. திருத்துவோர் ராமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினால் கணினி எழும்பிவிடும். அந்தக் கைவைத்தியம் ஒருமுறைக்குச் சரி. திரும்பத் திரும்பத் தேய்த்தால் பூச்சே போய்விடும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மென்துணியே நல்லது.

பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுக்கக் குறைந்த செலவில் நிறைந்த பலன் தருவது எஸ்எஸ்டி. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு தரவைத் தேடிச் சேர ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் எடுக்கும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு. சாட்டா எஸ்எஸ்டி செக்கனுக்கு 550 எம்பி, பரவலான என்விஎம்இ வகைகள் 3,500 முதல் 7,000 எம்பி வரை படிக்கும். ஆனால் அன்றாட வேலையில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாட்டை உணர்வது கடினம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கோர் செயலிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை ஏற்பதில்லை. அத்தகைய பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவுவது, செயலியும் போர்டும் ராமும் சேர்த்து மாற்றுவதைவிட மலிவு. பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் வகைகள் பலவற்றில் மின்வழங்கியின் இணைப்பே தனி வடிவம் என்பதால், அவற்றுக்குப் பெரிய கிராபிக்ஸ் அட்டை போடத் திட்டமிடுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும்.

கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம். ஆனால் பழுதான உறுப்பை உத்தரவாதத்துக்காக 260 கிலோமீட்டர் கொண்டுபோகவேண்டி வரும். விலை சற்றுக் கூடினாலும் மின்வழங்கியையும் யுபிஎஸ்ஸையும் உள்ளூரில் வாங்குவது அதனால் இலாபம். பல கடைகளின் பற்றுச்சீட்டில் ஓராண்டு உத்தரவாதம் 350 நாள் என்றே இருக்கும். துருவும் எரிந்த அடையாளமும் அதில் சேரா. பாவித்த உறுப்பு வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது போர்டின் பின்புற இணைப்புகளின் உலோக உறைகளையும் திருகாணிகளையும். அங்கே துருவோ பச்சைப் படிவோ தெரிந்தால், கடையில் அது எவ்வளவு நன்றாக ஓடிக் காட்டினாலும் வாங்காமல் விடலாம்.