இறுக மூடிய படகு அறைக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

சிறிய பாய்மரப் படகில் இருக்கைக்கு அடியில் சாமான் அறை இருக்கும். மூடியில் ரப்பர் பட்டை, இழுத்துப் பூட்டும் கொக்கி எல்லாம் உண்டு. ஆனாலும் உள்ளே கயிறும் துணியும் நனைந்துவிடுகின்றன. ரப்பர் தேய்ந்திருக்கும் என்பீர்கள். புது ரப்பரிலும் இது நடக்கிறதே! காரணம், உள்ளே அடைபட்ட காற்று. வெயிலில் 45 டிகிரிக்குச் சூடான காற்று, அலை நனைத்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கும். 200 லிட்டர் அறையில் அது 12 லிட்டர். சூடான சாதம் வைத்து மூடிய டிபன் பாக்ஸ், ஆறியதும் திறக்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இழுப்புதான் இது. படகில் அந்நேரம் மூடியைச் சுற்றித் தேங்கி நிற்பது தண்ணீர் என்பதால், மயிரிழை இடைவெளி இருந்தாலும் அறை அதையே உறிஞ்சிக்கொள்கிறது.

இன்னும் இறுக்கினால் போதாதா? இறுக்க இறுக்க, காற்று நுழையும் மற்ற வழிகள் அடைபட்டு, முழு இழுப்பும் எஞ்சிய ஒரே விரிசலில் குவியும். அதைவிட, ரப்பருக்கு வெளியே சுற்றிலும் வாய்க்காலும் வடிகுழாயும் அமைத்துத் தண்ணீரைத் தேங்கவிடாமல் செய்வதே சரி. கூடவே அறையின் உச்சியில் ஒரு காற்றுத்துளை வேண்டும். ஓட்டை போட்டால் தண்ணீர் வராதா என்ற பயம் நியாயமானது. ஆனால் அலை எட்டாத உயரத்தில், வாய் கீழ்நோக்கி வளைந்த குழாயில் காற்று சுலபமாகப் புகும். தெறிக்கும் தண்ணீர் மேலேறிப் புகுவது கடினம். படகு மிகவும் சாயும்போது மட்டும் அதற்கு ஓர் அடைப்பான் தேவை.