கோபத்துக்கு ஆள் பார்க்கத் தெரியும்

கொங்கு நாட்டுப் பேருந்து நிலையம் ஏதாவது ஒன்றில் காலை எட்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். தனக்கு விட்ட நேரம் முடிந்த பிறகும் ஒரு தனியார் டவுன் பஸ் நகர்வது போல நகர்ந்து ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கும் பஸ்ஸின் டிரைவர் ஏர் ஹார்னிலிருந்து கையை எடுக்க மாட்டார். இரண்டு கண்டக்டர்களும் டைம் கீப்பர் முன்னால் மல்லுக்கு நிற்பார்கள். "என் டைம்ல நீ எப்படிய்யா ஆள் ஏத்துவ?" சட்டையைப் பிடிக்கும் நேரத்தில் யாராவது விலக்கிவிடுவார்கள். சண்டை அங்கே முடிவதில்லை. விசில் ஊதியதும் ரோட்டுக்கு வந்துவிடும். முந்துகிற பஸ்ஸுக்குக் கூட்டம், பிந்துகிற பஸ்ஸுக்குக் காலி சீட். வசூலைப் பொறுத்துப் படி வாங்குகிற டிரைவருக்கு, முன்னால் போகும் பஸ் தன் சட்டைப் பையில் கை விட்டவனைப் போலத்தான் தெரியும்.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அதுதான். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் விபத்தில் செத்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தால் செத்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஆனால், ஏன் அந்த வேகம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரும், லீவு கிடைக்காத ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவரும் 'அதிவேகம்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

அந்த விடுபட்ட இடத்தை அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் ஓரளவு நிரப்பினார்கள். 3,500க்கும் மேற்பட்டவர்களின் கார்களில் கேமரா பொருத்தி, அவர்கள் வழக்கம்போல ஓட்டுவதைப் பதிவு செய்தார்கள். அதில் சிக்கிய 905 விபத்துகளை அலசி 2016இல் முடிவை வெளியிட்டார்கள். கோபம், துக்கம், அழுகை, படபடப்பு முகத்தில் தெரிய ஓட்டுகிறவருக்கு, நிதானமாக ஓட்டுகிறவரைவிட விபத்து ஆபத்து சுமார் பத்து மடங்கு. கையில் செல்போனோடு ஓட்டுவதை மொத்தமாக எடுத்துக்கொண்டால் 3.6 மடங்குதான். (ஓட்டிக்கொண்டே நம்பர் அழுத்துவது மட்டும் 12 மடங்கு, அதற்கு மன்னிப்பே இல்லை.) செல்போனுக்கு அபராதம் உண்டு, அழுகைக்கு யார் ரசீது போடுவது?

கோபம் முதலில் பறிப்பது பார்வையின் அகலத்தை. நம்மை வெட்டிக்கொண்டு போன அந்த ஒரு வண்டிதான் கண்ணில் நிற்கும். பக்கக் கண்ணாடி, இடதுபுறம் வரும் சைக்கிள், குறுக்கே கால் வைக்கும் பாட்டி எல்லாம் மறைந்துபோகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடுகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். துக்கத்தின் கதை வேறு. கண் ரோட்டில்தான் இருக்கும், மனசு மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும். சந்தோஷமும் லேசுப்பட்டதல்ல என்பது கல்யாண வேனில் போனவர்களுக்குத் தெரியும்.

"கோபம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் நம்மிடையே உண்டு. 1968இல் டூப், கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் செய்த சோதனையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் தங்கள் காரை நகர்த்தாமல் நிறுத்திவைத்தார்கள். பழைய கார் நின்றபோது பின்னால் இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் ஹார்ன் அடித்தார்கள். பளபளக்கும் புது சொகுசு கார் நின்றபோது பாதிப்பேர் வாயே திறக்கவில்லை. நம் ஊருக்கு ஆராய்ச்சியே வேண்டாம். டிவிஎஸ் எக்ஸெல்லில் காய்கறி மூட்டையோடு போகும் பெரியவருக்குப் பின்னால் எத்தனை ஹார்ன்! கட்சிக்கொடி கட்டிய ஸ்கார்பியோ நடுரோட்டில் நின்றாலோ எல்லோரும் ஞானிகள். ஆக, கண் நன்றாகவே தெரிகிறது. ஆள் பார்த்து அடங்குகிற கோபத்தை, ஆள் பார்க்காமலும் அடக்க முடியும்.

பஸ் டிரைவர் விஷயத்தில் மட்டும் இந்த நியாயத்தை அப்படியே நீட்டிவிடக் கூடாது. அவருடைய கோபத்தில் பாதி, முதலாளியும் நேரப் பட்டியலும் ஏற்றிவிட்டது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. அதைத் தாண்டித் தூக்கக் கண்ணோடு அடுத்த டிரிப் எடுப்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். டிரைவர்களுக்கு யோகா வகுப்பு நடத்தட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், வசூல் படியை எடுத்துவிட்டு மாதச் சம்பளமாகக் கொடுத்தால், இரண்டு பஸ்களுக்கு நடுவே ஓட முடிகிற இடைவெளி விட்டால், வகுப்பைவிட அதிகமாகவே கோபம் குறையும் என்பது என் கட்சி.

சொந்த வண்டி வைத்திருக்கும் நமக்கு நேரப் பட்டியல் கிடையாது. ஆனாலும் ஊரில் சாவு என்று ராத்திரி போன் வந்ததும், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனே காரை எடுத்துவிடுகிறார். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் ஆகிவிடுமோ என்ற பதற்றம் வேறு. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுத் தம்பியோ, ஒரு நாள் கூலிக்கு வரும் ஆக்டிங் டிரைவரோ ஓட்டட்டும். யாரும் கிடைக்காவிட்டால் ராத்திரி பஸ் இருக்கிறது. கூட இருக்கும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே சாவியை வாங்கி வைக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, போன் செய்கிறவர்களுக்கு. கெட்ட செய்தி சொல்லப் போகிறீர்களா, பாக்கியைக் கேட்டுச் சத்தம் போடப் போகிறீர்களா, எதுவானாலும் முதலில் "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், "ஒண்ணும் அவசரமில்லை, போய்ச் சேர்ந்துட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.