மெல்லிய குரலில் ஒரு தூது



கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள் என்பதை நாமறிவோம். அன்னச்சேவலைத் தூதுவிட்ட அப்புலவரை இன்று நினைவுகூரக் காரணம், காணாமலே நட்புக் கொள்ளும் வேறொரு கூட்டத்தாரைப் பற்றி நான் சொல்ல விரும்புவதே. அவர்கள் ஹாம் வானொலியாளர்கள். அவர்களுள்ளும் ஒரு சிறு பிரிவினர், வேண்டுமென்றே வலுவைக் குறைத்து ஒலிபரப்புபவர்கள்.

வானொலிக் குறியீட்டில் 'கியூ ஆர் பி' என்ற மூன்றெழுத்துக்கு 'வலுவைக் குறை' என்பது பொருள். அதுவே இவர்களின் பெயருமாயிற்று. மோர்ஸில் 5 வாற், பேச்சில் 10 வாற், இதுவே இவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட எல்லை. 5 வாற் என்றால் சாமியறையில் இரவெல்லாம் எரியும் சின்ன மின்குமிழின் வலுதான். இங்கிலாந்தில் 1974 இல் இவர்களுக்கெனக் கழகம் தொடங்கிய பாதிரியார் ஜோர்ஜ் டொப்ஸ், அதன் சஞ்சிகைக்கு 'ஸ்ப்ராட்' என்று பெயரிட்டார். நம்மூர் நெத்தலி போன்றதொரு சிறு மீன்! பொருத்தமான பெயரல்லவா?

"100 வாற் கருவி கடையில் கிடைக்கிறதே, ஏன் இந்த வீண் தவம்?" என்று பண்டாரவளை நண்பரொருவரை நானே கேலி செய்ததுண்டு. அவர் உரிமம் பெற்ற வானொலியாளர். கோபிக்காமல் விளக்கினார். வலு இருபதில் ஒரு பங்காகக் குறைந்தாலும் கேட்பவரின் அளவுமானியில் முள் இரண்டு படிக்குச் சற்றுக் கூடுதலாகவே இறங்குமாம். ஒன்பதில் கேட்ட குரல் ஏழுக்குச் சற்றுக் கீழே கேட்கும். மிகுதியைப் பார்த்துக்கொள்வது வானம். நிலத்திலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயன மண்டலம், சிற்றலைகளை மீண்டும் பூமிக்கே திருப்பிவிடுகிறது. சூரியப் புள்ளிகள் மிகும்போது அது உரம் பெறும். ஏறக்குறைய 11 வருடத்துக்கொருமுறை அப்படி வரும்.

2002 இன் தொடக்கம் அத்தகையதொரு காலம். ஓரிரவு அவருடைய மேசையருகே நானும் இருந்தேன். யூகலிப்ரஸ் மரத்திலிருந்து கூரைக்கு இழுத்த 10 மீற்றர் கம்பி, ஒரு கார் பற்றரி, சவர்க்காரப் பெட்டியளவில் அவரே செய்த கருவி. அவ்வளவுதான். அவர் யாரையும் அழைக்கவில்லை. வலுக்குறைந்தவன் கூவியழைத்தால் எவர் காதிலும் விழாதாம். அரைமணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டேயிருந்தார். இத்தாலிக்காரர் ஒருவர் வேறொருவருடனான உரையாடலை முடித்துக்கொண்ட கணத்தில் தம் அழைப்புக்குறியை ஒருமுறை தட்டினார்.

பதில் வந்தது. முழுமையாக அல்ல. நம் நாட்டுக்குரிய 'ஃபோர் எஸ் செவின்' மட்டும், பின் கேள்விக்குறி. எஞ்சிய எழுத்துகள் அங்கே போய்ச் சேரவில்லை. அலை தேய்ந்தது. நண்பர் மூன்று முறை நிதானமாகத் தட்டினார். இரைச்சல்தான். நான் மூச்சுவிடவும் அஞ்சினேன். பிறகு, கிணற்றடியிலிருந்து வருவதுபோல, அவருடைய முழுக்குறியும் திரும்பி வந்தது; கூடவே 'மூன்று மூன்று ஒன்பது'. தெளிவு ஐந்துக்கு மூன்று, பலம் ஒன்பதுக்கு மூன்று, தொனி மட்டும் குறைவற்றது. 7,000 கிலோமீற்றருக்கும் அப்பால் ஒருவர் காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறார். என் கேலி அன்றோடு நின்றது.

நான்கு மாதங்களின் பின் இத்தாலியிலிருந்து உறுதிப்படுத்தும் அட்டை வந்தது. வலு என்ற இடத்தில் 5 என்று எழுதி இரண்டு கோடு கீறியிருந்தார் அந்த மனிதர்.

இதையெல்லாம் விளையாட்டு என்று சொல்லலாம். நானும் மறுக்கமாட்டேன். ஆயினும் 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கித் தொலைபேசிகள் ஊமையானபோது, அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தி சுமந்தவர்களுள் நம் ஹாம் வானொலியாளர்களும் இருந்தனர். அங்கே அவர்களுடைய சிற்றலைக் கருவிகளை இயக்கியதும் பற்றரிதான்.