தைமஸ் கட்டி: பிறழ்ந்தது எந்தச் செல்?

பத்தாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகளை நடத்தும்போது தைமஸுக்கு நாம் ஒதுக்குவது சில நிமிடங்கள்தாம். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ளது, தைமோசின் சுரக்கிறது என்று முடித்துவிடுகிறோம். ஆனால், புற்றுநோய் ஒரு செல்லில் தொடங்குகிறது என்பதை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

முகையூர் ஒன்றியத்தில் பணியாற்றும் நான் தைமஸை ஒரு பள்ளிக்கூடமாகக் கரும்பலகையில் வரைவேன். ஆசிரியர்கள், அங்கேயே தங்கியிருக்கும் எபிதீலியச் செல்கள். கருவில் தொண்டைப் பகுதியிலிருந்து உருவானவை. மாணவர்கள், எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் லிம்போசைட்டுகள். சொந்த உடலையே தாக்கக்கூடியவை இங்கு நீக்கப்படுகின்றன. மிகச் சிலவே டி செல்களாக வெளியேறுகின்றன. நோய்த்தடுப்பில் தைமஸுக்குள்ள பங்கை, பிறந்த சுண்டெலிக் குட்டிகளில் அச்சுரப்பியை நீக்கி, 1961-இல் ஜாக் மில்லர் நிறுவினார்.

எபிதீலியச் செல் பிறழ்ந்தால் தைமோமா அல்லது தைமஸ் கார்சினோமா. இளம் லிம்போசைட் பிறழ்ந்தால் லிம்போமா. ஒரே சுரப்பி, வேறு நோய், வேறு சிகிச்சை. தைமோமாவுக்கு முதன்மையானது அறுவை சிகிச்சை. லிம்போமாவுக்கு மருந்துச் சிகிச்சை.

சில தைமோமாக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் லிம்போசைட்டுகளே நிறைந்திருக்கும். ஆனால் அவை புற்றுச் செல்கள் அல்ல. இடையில் சிதறிக் கிடக்கும் எபிதீலியச் செல்களே புற்றுச் செல்கள். எண்ணிக்கையில் மிகுந்தது எதுவோ அதுவே காரணம் என்று கருதக்கூடாது என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இது உதவும்.

ஆசிரியர் பிறழ்ந்தால் பயிற்சியும் பிறழும். தைமோமா உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோய் வருகிறது. நரம்பின் கட்டளையைத் தசை பெறும் இடத்தை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. 1936-இல் ஆல்ஃபிரெட் பிளாலாக் இத்தகைய நோயாளி ஒருவரின் தைமஸ் கட்டியை அகற்றியபின் தசைச்சோர்வு குறைந்தது.

குழந்தைகளிடம் தைமோமா மிக அரிது. இப்பகுதியில் லிம்போமாவே கூடுதலாகக் காணப்படுகிறது. தசைச்சோர்வு நோயோ கட்டி இல்லாமலும் குழந்தைகளுக்கு வரலாம். ஆகவே, காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கும், வாசிக்க வாசிக்கக் குரல் தேயும் மாணவரைத் தூங்குமூஞ்சி என்று கடிந்துகொள்ள வேண்டாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். முகமும் கழுத்தும் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறினால் காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பகுதிக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.